புதுப் பதிப்பு எழுதப் போகிறீர்களா? முதலில் பழைய மேசையில் உட்காருங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் மேஜிக் மிசைல் என்று ஒரு சின்ன மந்திரம் உண்டு. மந்திரவாதி கையை நீட்டினால் ஒளி அம்பு பாயும், எதிரி மேல் படும். காயம் சொற்பம்தான், ஆனால் குறி தப்பவே தப்பாது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் விதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது, மற்றத் தாக்குதல்களைப் போல இதற்கும் பகடை உருட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். எல்லா மந்திரமும் ஒரே விதியில் ஓடினால் கற்றுக்கொள்வது சுலபம், ஆகவே கணக்குப்படி அதில் குறை சொல்ல முடியாது. மேசையில் நடந்தது வேறு. பல வருடமாக "மேஜிக் மிசைல் விடுகிறேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டவர்கள், இப்போது பகடையில் 3 விழுந்து "படவில்லை" என்று கேட்க வேண்டி வந்தது. 2010-இல் அந்த விதியைத் திருத்தினார்கள்: பகடை வேண்டாம், நேராகக் காயம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அது தப்பாத அம்புதான்.

இந்த மாதிரி டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு எழுத ஆசைப்படுகிறவர்கள் யாராவது என்னிடம் பேச வந்தால், இந்தக் கதையில்தான் தொடங்குவேன். மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் புத்தகத்தைக் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் வாயிலும் கையிலும் இருக்கிறது. ஒரு விதியை நம்பி அவர்கள் சாய்ந்து உட்காரும் இடம், மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம், பகடையை இன்னொருவரிடம் கொடுத்து "நீ உருட்டு" என்று சொல்லும் இடம் இவற்றைக் கண்டுபிடித்துவிட்டால், மற்றதை எல்லாம் தைரியமாக மாற்றலாம். கண்டுபிடிக்காமல் கை வைத்தால், ஒரு சின்ன மந்திரத்தைத் தொட்டதற்கே அடிமடியில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

கீழே இருப்பது நான் பின்பற்றும் வரிசை. நீங்களே எழுதிய சின்ன விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்கும், உங்களுக்குப் பிடித்த பழைய விளையாட்டைப் புதுப்பிப்பதற்கும் இது பொருந்தும்.

ஏன் புதுப் பதிப்பு? ஒரே வரியில் எழுதுங்கள்

ஒரு தாளில், வேறெதையும் எழுதுவதற்கு முன், இப்போதுள்ள பதிப்பில் என்ன கோளாறு என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "இன்னும் நன்றாக இருக்க வேண்டும்" என்பது காரணம் ஆகாது. "புதிதாக வருகிறவர் முதல் சண்டையை முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது" என்பது காரணம். "ஆறாவது லெவலுக்கு மேல் மந்திரவாதி மட்டுமே ஆடுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்" என்பதும் காரணம். புதுப் பதிப்பு விற்பனைக்கு நல்லது என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

இதற்கு நல்ல பாடம் 2000-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு. அதற்கு முன்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனிக் கணக்கு இருந்தது. தாக்குதலுக்கு 20 பக்கப் பகடையில் பெரிய எண் வர வேண்டும். திருடனின் திறமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று வைத்து, அதற்குள் சின்ன எண் வர வேண்டும். கவசத்துக்கான எண்ணோ குறையக் குறைய நல்லது. 10 என்றால் வெறும் உடம்பு, 0 என்றால் இரும்பு மலை. புதிதாக வந்தவர் எந்தப் பக்கம் போனால் நல்லது என்று தெரியாமல் விழிப்பார்.

இரண்டாம் பதிப்பில் தாக்கோ என்று ஒரு எண் வைத்திருந்தார்கள். கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் என்ன விழ வேண்டும் என்பதுதான் அது. உங்கள் தாக்கோ 15, எதிரியின் கவசம் 3 என்றால் 15-இல் 3 போக 12. பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது. உங்களுக்குக் கூட்டல் 5, எதிரியின் கவசம் 17. பகடையோடு 5 கூட்டி 17 வந்தால் அடி. அதாவது பகடையில் 12 விழ வேண்டும். அதே 12! வாய்ப்பு இம்மி அளவும் மாறவில்லை. கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அவ்வளவுதான். எண் பெரிதானால் நல்லது என்ற ஒரே திசையில் எல்லா விதியும் நின்றன. பழைய ஆட்டக்காரர்களுக்கு அவர்கள் மந்திரவாதியும் திருடனும் அப்படியே கிடைத்தார்கள், புதியவர்களுக்குத் தலைவலி போயிற்று. காரணத்தைச் சரியாகப் பிடித்த மாற்றம் இப்படித்தான் இருக்கும்.

பழைய பதிப்பை, எழுதியபடியே ஆடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. "எனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே" என்பார்கள். மனப்பாடமாகத் தெரிந்தது பெரும்பாலும் நீங்களும் உங்கள் நண்பர்களும் வருடக்கணக்காக வளைத்து வைத்திருக்கும் விளையாட்டு. புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. ஆகவே குறைந்தது நாலு செஷன், சொந்த விதி எதுவும் சேர்க்காமல், புத்தகத்தில் உள்ளபடியே ஆடுங்கள். அப்புறம் வேறு இரண்டு மேசைகளுக்குப் போய், ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள். ஆட்டக்காரர்கள் எதைச் சத்தமாகச் சொல்கிறார்கள்? எந்த விதியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள்? எந்த விதியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவதுதான் புதையல். ஒரே விதியை மூன்று மேசைகளில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாமலே, ஒரே மாதிரி மாற்றி வைத்திருந்தால், உங்கள் புதுப் பதிப்பின் அந்தப் பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் நகல் எடுத்தால் போதும். தாண்டிப் போகும் விதிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள். சுமை கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: யார் எத்தனை எடை தூக்குகிறார்கள் என்று கூட்டிப் பார்ப்பதைப் பல மேசைகள் விட்டுவிடுகின்றன. அதனால் சுமையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. குகைக்குள்ளிருந்து எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்ற கவலை அவர்களுக்கு வேண்டும். பவுண்டு கணக்குத்தான் வேண்டாம். கவலையை வைத்துக்கொண்டு கணக்கை எடுத்துவிட வழி இருக்கிறதா என்று யோசியுங்கள். எடைக்குப் பதில் "பத்து இடம், பத்துப் பொருள்" என்று வைத்த விளையாட்டுகள் இதைத்தான் செய்கின்றன.

தோல், எலும்பு, உயிர் என்று பிரியுங்கள்

நோட்டு நிறைந்ததும் ஒவ்வொரு விதியையும் எடுத்து, இது தோலா, எலும்பா, உயிரா என்று கேளுங்கள். பெயர்கள், பகடையின் வடிவம், கேரக்டர் ஷீட்டின் (பாத்திரத்தின் எண்களை எழுதிவைக்கும் தாளின்) அமைப்பு, புத்தகத்தின் வரிசை எல்லாம் தோல். வாய்ப்புக் கணக்கு, எண்கள், எது எதோடு கூடுகிறது என்பது எலும்பு. இந்த விளையாட்டு ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் வாக்குறுதி உயிர்: "இங்கே நீ எதற்கும் அஞ்சாத வீரன்" அல்லது "இங்கே உன் மனம் கொஞ்சம் கொஞ்சமாக உடையும்" என்பது போல. எலும்பை மாற்றலாம், தோலைக் கவனமாக மாற்றலாம், உயிரில் கை வைக்கக் கூடாது.

சொல்ல எளிது. சிக்கல் என்னவென்றால் தோல் மாதிரி தெரிவது சில நேரம் உயிராக இருக்கும். மேஜிக் மிசைல் அப்படித்தான். இன்னொன்று, 3 முதல் 18 வரையிலான திறன் எண்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியிலேயே, மூன்று 6 பக்கப் பகடைகளை உருட்டி வலிமை, அறிவு முதலான ஆறு திறன்களுக்கு எண் போடும் முறை இருந்தது. மூன்றாம் பதிப்புக்குப் பிறகு ஆட்டத்தில் அந்த எண்ணைப் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை. வலிமை 16 என்றால் கூட்டல் 3; மேசையில் அந்த 3-தான் வேலை செய்கிறது, 16 சும்மா ஷீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் 16 எதற்கு?

இதற்கு இரண்டு பெரிய விளையாட்டுகள் இரண்டு விடை சொல்லியிருக்கின்றன. பாத்ஃபைண்டர் தன் இரண்டாம் பதிப்பை 2023-இல் சீரமைத்தபோது பெரிய எண்ணை எடுத்துவிட்டுக் கூட்டல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024-இல் புத்தகங்களைத் திருத்தியபோதும் 16-ஐ விடவில்லை. யார் சரி? என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சரி. பாத்ஃபைண்டர் ஆட்டக்காரர்கள் நுணுக்கமாகக் கணக்குப் போட்டுப் பாத்திரத்தைக் கட்டுகிறவர்கள். தேவையில்லாத எண் போனால் அவர்களுக்கு நிம்மதி. இன்னொரு பக்கம், "எனக்கு 18 விழுந்தது!" என்று ஐம்பது வருடமாக மேசைகளில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கத்தலுக்கு அங்கே விலை அதிகம். ஒரே எண் ஓரிடத்தில் தோல், இன்னோரிடத்தில் உயிர்.

சமநிலையையே விட்டுக்கொடுத்து மரபைக் காப்பாற்றிய இடமும் உண்டு. ஐந்தாம் பதிப்பில் கேம் மாஸ்டருக்கான, அதாவது மேசையில் ஆட்டத்தை நடத்துகிறவருக்கான புத்தகம், புதிதாக மந்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு அட்டவணை கொடுக்கிறது. மூன்றாம் நிலை மந்திரம் பல பேரைத் தாக்கினால் ஆறு 6 பக்கப் பகடை, அதாவது சராசரியாக 21 காயம் என்று அது சொல்கிறது. அதே பதிப்பில் ஃபயர்பால் என்ற மூன்றாம் நிலை நெருப்பு மந்திரத்துக்கு எட்டுப் பகடை, சராசரி 28. தங்கள் அட்டவணையையே மீறியிருக்கிறார்கள். ஃபயர்பால் என்ற பெயரைக் கேட்டதும் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார வேண்டும், அதற்காக ஏழு காயம் கூடுதலாகப் போனால் போகட்டும் என்ற முடிவு அது. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. உங்கள் விளையாட்டிலும் ஒன்றிரண்டு இடங்களில் இப்படித் தெரிந்தே கணக்கை மீறுங்கள். பத்து இடத்தில் மீறினால் அட்டவணையே பொய்யாகிவிடும்.

மேசையில் இருப்பதைப் பார்க்காமல் மாற்றினால் என்ன ஆகும்

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியவர்களைப் பற்றி ஒரு சின்ன விளையாட்டு எழுதியிருந்தேன். முதல் பதிப்பில் மேசை நடுவே பத்து நிஜத் தீக்குச்சிகளை வைக்க வேண்டும். குகையிலோ இரவிலோ வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு குச்சியை எடுத்து ஒடித்துப் போட வேண்டும். ஒரு குச்சி எத்தனை நிமிடம் எரியும், காற்றடித்தால் எவ்வளவு குறையும் என்று ஒரு பக்கத்துக்கு விதியும் எழுதியிருந்தேன்.

இரண்டாம் பதிப்பில் குச்சிகளை எடுத்துவிட்டேன். ஷீட்டில் பத்துக் கட்டம், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம். அச்சிடச் சுலபம், தொலைவில் இருப்பவர்களோடு ஆடவும் வசதி. நிமிடக் கணக்கை அப்படியே விட்டுவைத்தேன், அதுதான் "விதி" என்று நினைத்ததால்.

சோதனை ஆட்டத்தின் மூன்றாவது செஷனில் நாலு பேர் குகையின் கடைசி அறை வரைக்கும் போய்ச் சுவரில் இருந்த எழுத்தைப் படித்தார்கள். ஒருவர் ஷீட்டிலும் வெளிச்சம் மிச்சமில்லை. யாரும் கவனிக்கவில்லை, கேம் மாஸ்டராக இருந்த நானும் கவனிக்கவில்லை. முதல் பதிப்பில் இது நடக்கவே நடக்காது. அங்கே குச்சிக் குவியல் எல்லோர் கண்ணெதிரே கிடக்கும். ஒருவர் எடுக்கக் கையை நீட்டுவார், இன்னொருவர் "இரு, இரு" என்று அந்தக் கையைப் பிடிப்பார். கடைசி இரண்டு குச்சி இருக்கும்போது மேசையே அமைதியாகிவிடும். அந்தக் கைதான் என் விளையாட்டின் உயிர், அதை நான் அச்சுச் செலவுக்காக எடுத்துவிட்டிருந்தேன்.

குச்சிகள் திரும்பி வந்தன. நிமிடக் கணக்குப் பக்கம் போயிற்று. யாரும் அதைப் பார்த்ததே இல்லை என்று என் பழைய நோட்டிலேயே எழுதியிருந்தது. இப்போது ஒரு குச்சி, ஒரு இடம். அறை மாறினால் அணைந்துவிடும். தொலைவில் ஆடுகிறவர்களுக்கு, கேம் மாஸ்டரின் கேமரா முன்னால் குச்சிகளை வைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

புதுமைக்கு ஒரே ஒரு பெரிய இடம் கொடுங்கள்

சரி, எதை வைப்பது என்று தெரிந்துவிட்டது. இப்போது புதிதாக என்ன கொண்டுவருவது? ஒரு பதிப்புக்கு ஒரு பெரிய புதுமை போதும் என்பது என் கணிப்பு. பழைய ஆட்டக்காரர் ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பார். ஐந்து என்றால் "இது வேறு விளையாட்டு" என்று எழுந்து போய்விடுவார்.

அந்த ஒன்று, பழைய பல சில்லறை விதிகளின் வேலையைத் தானே செய்ய வேண்டும். ஐந்தாம் பதிப்பின் அட்வான்டேஜ் விதி இதற்கு அழகான உதாரணம். முன்பெல்லாம் உயரமான இடத்தில் நின்றால் கூட்டல் இத்தனை, எதிரி தரையில் கிடந்தால் கூட்டல் இத்தனை, மறைவில் இருந்தால் கழித்தல் இத்தனை என்று நாலைந்து எண்ணைத் தேடிக் கூட்ட வேண்டும். அட்வான்டேஜ் விதி இப்படித்தான்: நிலைமை சாதகமா, இரண்டு 20 பக்கப் பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள். பாதகமா, சிறியதை எடு. பகடையில் 11 தேவைப்பட்டால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75-க்கு ஏறும். 20-தான் வேண்டுமென்றால் 5 சதவீதம் 9.75 ஆகும். அதாவது நடுத்தரமான காரியங்களில் பெரிய உதவி. முடியாத காரியத்தை அது சுலபமாக்குவதில்லை. இதையெல்லாம் ஆட்டக்காரர் அறிய வேண்டியதே இல்லை. இரண்டு பகடையைக் கையில் எடுக்கும்போதே தெம்பு வந்துவிடுகிறது. பழைய 20 பக்கப் பகடை அப்படியே இருக்கிறது, கையசைவு மட்டும் புதிது.

உங்கள் புதுமையையும் இந்த மாதிரி சோதியுங்கள். இது எத்தனை பழைய விதிகளை வெளியே அனுப்புகிறது? மேசையில் ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைக்க முடிகிறதா? பழைய பகடையையும் பழைய சொற்களையும் வைத்தே செய்ய முடிகிறதா? 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் "ஒரு முறைக்கு மூன்று செயல்" விதி மூன்றிலும் தேறும். எந்தச் செயல் எந்த வகை என்ற பழைய பாகுபாட்டுக்குப் பதிலாக, நடப்பது ஒன்று, அடிப்பது ஒன்று, ஆக மொத்தம் மூன்று என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடுமையான பழைய விதியை மென்மையாக்கும்போதும் உயிரைத் தேடுங்கள். 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி விளையாட்டில், கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே அவர் செத்துப்போகலாம். நாலு நாலு வருடமாக அவர் பணிக்காலம் ஓடும். ஒவ்வொரு முறையும் பிழைத்தாரா என்று பகடை உருட்ட வேண்டும். ஆடத் தொடங்கும் முன்பே சாவா என்று புதியவர்கள் மிரள்வார்கள். ஆனால் "இன்னும் ஒரு நாலு வருடம் போகலாமா, கிடைத்ததோடு இறங்கிவிடலாமா" என்ற அந்தச் சபலம்தான் சுவாரசியமே. 2008-இல் வந்த மங்கூஸ் பதிப்பு சாவுக்குப் பதிலாக விபத்து ஒன்றை வைத்தது: காயமோ கெட்ட பெயரோ வரும், வேலை போகும். சபலம் அப்படியே இருக்கிறது, ஷீட்டைக் கிழித்துப் போட வேண்டியதில்லை.

மனக்கணக்குச் சோதனை

பழைய ஆட்டக்காரர்கள் கையில் பழைய சாகசப் புத்தகங்கள் இருக்கும், வருடக்கணக்காக ஓடும் கேம்பெயின், அதாவது தொடர்கதை இருக்கும். அவற்றைப் புதுப் பதிப்பில் மனக்கணக்காலேயே மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். காகிதமும் கால்குலேட்டரும் வேண்டியிருந்தால் பெரும்பாலானவர்கள் மாற்ற மாட்டார்கள்.

கால் ஆஃப் துலூ என்ற திகில் விளையாட்டு 1981-இல் வந்தது. அதன் ஏழாம் பதிப்பு 2014-இல் எண்களை மாற்றியது. வலிமை 13 என்று இருந்தது 65 ஆயிற்று. எல்லாத் திறன் எண்ணையும் ஐந்தால் பெருக்கிவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெருக்கல் மேசைக்குப் புதிதே இல்லை என்பதுதான். ஒரு விஷயம் கதாபாத்திரத்துக்குத் தோன்றுமா என்று பார்க்க அறிவை ஐந்தால் பெருக்கிச் சதவீதமாக உருட்டும் வழக்கம் பழைய பதிப்புகளிலேயே இருந்தது. மேசையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் புது ஷீட் முன்கூட்டியே போட்டுக் கொடுத்தது. பழைய சாகசத்தை எடுத்து வைத்துக்கொண்டு, படிக்கும்போதே ஐந்தால் பெருக்கிக்கொண்டு ஆடிவிடலாம். மனநலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் விதி, அதாவது அந்த விளையாட்டின் உயிர், அங்கேயே இருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பில் இந்தப் பாலம் இல்லை. அதற்கு முன்பிருந்த மூன்றரைப் பதிப்பின் (மூன்றாம் பதிப்பின் திருத்திய வடிவம்) கதாபாத்திரத்தைக் கணக்குப் போட்டு மாற்ற முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். 2009-இல் பைசோ நிறுவனம் அந்த மூன்றரைப் பதிப்பை அடிப்படையாக வைத்துப் பாத்ஃபைண்டரை வெளியிட்டது. விட்டுப் போக மனமில்லாதவர்கள் ஏராளமானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நான்காம் பதிப்பில் சரக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சிறு தாக்குதல்கள், சண்டைகளுக்கு இடையே சின்ன ஓய்வில் தேறிக்கொள்வது ஆகிய யோசனைகள் பழைய சொற்களை உடுத்திக்கொண்டு ஐந்தாம் பதிப்பில் உயிரோடு இருக்கின்றன. ஒரே யோசனை, பழக்கமான பெயரில் வந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பெயரைக் கண்டபடி மாற்றாதீர்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கதை உலகத்தை உடைக்காதீர்கள்

விதி மாறியதற்குக் காரணம் சொல்வதற்காகக் கதை உலகத்தில் பிரளயத்தை வரவழைப்பது ஒரு பழைய சபலம். 1993-இல் டிராவலரின் புதுப் பதிப்பு, ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகச் சுற்றித் திரிந்த விண்வெளிப் பேரரசைச் சிதைத்துவிட்டுத் தொடங்கியது. 2008-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கதை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் காலக்கணக்கு சுமார் நூறு வருடம் முன்னால் தள்ளப்பட்டது. பழகிய மனிதர்கள் பலர் இல்லாமல் போனார்கள். விதியை மன்னிக்கிறவர்கள்கூட, தாங்கள் வாழ்ந்த ஊர் அழிந்ததை மன்னிப்பதில்லை. விதி மாறியதற்குக் கதைக்குள் காரணமே சொல்ல வேண்டாம். நேற்று வரை கவசம் 3, இன்று முதல் 17. உலகம் அப்படியே இருக்கட்டும்.

சோதனை ஆட்டம்: பிடித்ததா என்று கேட்காதீர்கள்

ஐந்தாம் பதிப்புக்கான திறந்த சோதனை 2012-இல் தொடங்கியது. 1,75,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள் என்று அந்தப் புத்தகமே நன்றி சொல்கிறது. உங்களுக்கு அத்தனை பேர் வேண்டாம். நாலு மேசை போதும், ஆனால் நாலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பழைய பதிப்பில் ஊறியவர்கள் ஒரு மேசை, இந்த வகை விளையாட்டையே ஆடாதவர்கள் ஒரு மேசை, கலந்து ஒரு மேசை. நாலாவது மேசைக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்காருங்கள். மிகவும் வலிக்கும், ஆனால் இதில்தான் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

முடிந்ததும் "பிடித்ததா?" என்று கேட்டால் நண்பர்கள் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "பாலத்தில் மாட்டிக்கொண்டபோது என்ன செய்ய நினைத்தீர்கள், ஏன் செய்யவில்லை?" என்று கேளுங்கள். விதி தடுத்ததா, விதி தெரியவில்லையா, தோன்றவே இல்லையா என்பது வெளியே வரும்.

பழைய ஆட்டக்காரர் முதல் செஷனில் முறைப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கை பழக மூன்று செஷனாவது ஆகும். மூன்றாவதிலும் அதே இடத்தில் அதே முறைப்பு என்றால் விதியில்தான் கோளாறு. அப்போது எவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் 2018 சோதனைப் புத்தகத்தில், மாயப் பொருள்களைப் பயன்படுத்த ரெசனன்ஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. ஆடிப் பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள். 2019-இல் புத்தகம் அச்சாகி வந்தபோது அது இல்லை.

உரிமம்

அடுத்தவர் விளையாட்டைத் தழுவி எழுதுவதானால் ஒரு வரி எழுதும் முன் அதன் உரிமத்தைப் படியுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2000 முதல், மற்றவர்களும் எடுத்தாள அனுமதிக்கும் ஓபன் கேம் லைசென்ஸின் கீழ் இருந்தன. பாத்ஃபைண்டர் பிறந்ததும் அதனால்தான். அந்த உரிமத்தை மாற்றப் போகிறார்கள் என்று 2023 ஜனவரியில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதக் கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயிற்று. மூலத்துக்கு நன்றி குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம். அந்தத் தொகுப்பில் இருப்பதற்குத்தான் இது பொருந்தும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் நிறுவனம் அச்சிட்ட எல்லாப் புத்தகத்துக்கும் அல்ல.

எழுதும்போது

முதல் பக்கத்திலேயே, பழைய பதிப்பிலிருந்து வருகிறவர்களுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது, பழைய எண்ணை எப்படி மாற்றுவது, அவ்வளவுதான். பழைய பதிப்பைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வேண்டாம். அவர்கள் வாழ்வின் நல்ல மாலைப்பொழுதுகள் அதில் கழிந்திருக்கின்றன. பழைய புத்தகத்தைத் தொடர்ந்து கிடைக்கும்படி வைத்திருங்கள். போகிற வழி திறந்திருந்தால்தான் பலர் உள்ளே வந்து பார்ப்பார்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒன்று செய்யுங்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோன அவருடைய பழைய கேரக்டர் ஷீட்டையும் உங்கள் புதுப் புத்தகத்தையும் ஒரு வெற்று ஷீட்டையும் எதிரே வைத்து, அந்தப் பாத்திரத்தைப் புதிதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எதுவும் விளக்காதீர்கள். அவர் பென்சில் எங்கெல்லாம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும், புது ஷீட்டைக் காட்டி, "இது அவள்தானா?" என்று கேளுங்கள். அவர் "அவளேதான்" என்றால் அச்சுக்கு அனுப்பலாம். "கிட்டத்தட்ட" என்றால், எது குறைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.